இங்கே என்று சொல்லும் கல்

கல்லறைத் திருநாளான நவம்பர் 2 நெருங்கினால், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம் உள்ள ஆலந்தலையின் கல்லறைத் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். புல்லைச் செதுக்குவார்கள். சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். உப்புக்காற்றில் மங்கிப்போன பெயர்மேல் சின்னத் தூரிகையால் கறுப்புப் பெயின்ட் ஏற்றுவார்கள். கடலோரத்தில் எழுத்து சுலபமாக நிற்காது. இரும்பு ஆணி துருவேறி உதிரும், பளிங்கில் வெட்டிய எழுத்தும் கொஞ்ச காலத்தில் வழவழத்துவிடும். அதனால்தான் பெயரை வருஷா வருஷம் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.

கல் பதிப்பது இந்தக் கரைக்குப் பழகிய வேலை. குருசடி, கொடிமரம், கோயில் தூண் என எதைப் பார்த்தாலும் ‘உபயம்’ என்று தொடங்கும் ஒரு கல் இருக்கும். கொடுத்தவர் பெயரும் வருஷமும் அதில் இருக்கும். இன்னும் பின்னால் போனால், நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு துறையாகத் தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. போரில் விழுந்தவனுக்குக் கல் வைத்தோம், பொருள் கொடுத்தவனுக்கும் வைத்தோம். எழுதியவன் குடியிருந்த வீட்டுச் சுவரில் கல் பதிப்பதில் மட்டும் நம் கை சுணங்குகிறது. பதித்தாலும், அதில் என்ன எழுதுவது என்று போதுமான அளவு யோசிப்பதில்லை. பிறந்த நாள், மறைந்த நாள், திறந்து வைத்த பெருமக்களின் பட்டியல் என்று எழுதி முடித்துவிடுகிறோம். நடுவில் இருக்க வேண்டிய வினைச்சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாரிஸில் அந்த வினைச்சொல்லை விதவிதமாகப் பார்க்கலாம். தெருச் சுவர்களில் இருக்கும் கல்பலகைகளில் சில ‘இங்கே வாழ்ந்தார்’ என்கின்றன, சில ‘இங்கே இறந்தார்’ என்கின்றன. இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு வோல்தேர் நல்ல சாட்சி. சேன் நதிக்கரையில், இன்று அவர் பெயரையே தாங்கிய சாலையில், அவர் இறந்த வீடு இருக்கிறது. அது வில்லெத் பிரபுவின் வீடு, வோல்தேர் அங்கே விருந்தாளி. இருபத்தெட்டு ஆண்டு பாரிஸை விட்டு விலகியிருந்தவர் 1778 பிப்ரவரியில் திரும்பி வந்தார், மே 30 அன்று இறந்தார். நான்கு மாதம்கூட அங்கே இருக்கவில்லை. அதற்கு முந்தைய இருபது ஆண்டு அவர் வீடு கட்டி, மரம் நட்டு, கடிகாரத் தொழிலாளர்களைக் குடியேற்றி, ஐரோப்பா முழுவதுக்கும் கடிதம் எழுதியது சுவிஸ் எல்லையோரம் உள்ள ஃபெர்னேயில். அந்த ஊரின் பெயர் இன்று ஃபெர்னே-வோல்தேர். பாரிஸ் குருமார் அடக்கம் செய்ய இடம் தர மறுத்ததால் உடலை இரவோடு இரவாக ஷாம்பாஞ் பகுதியில் ஒரு மடத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். புரட்சி வந்த பிறகு 1791-இல்தான் உடல் பாரிஸுக்குத் திரும்பியது. வாழ்ந்த இடம் ஒன்று, இறந்த இடம் ஒன்று, அடங்கிய இடம் இரண்டு. ஒரே மனிதருக்கு நான்கு ‘இங்கே’.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் கரையைப் பார்த்தால் பல விஷயம் பிடிபடுகிறது.

ஆலந்தலையிலிருந்து தென்மேற்கே, செம்மண் தேரியையும் பனங்காட்டையும் தாண்டிப் போனால் இடையன்குடி. ராபர்ட் கால்டுவெல் 1841 இறுதியில் அங்கே வந்து சேர்ந்தார். அயர்லாந்தில் 1814-இல் பிறந்து, 1838-இல் சென்னையில் இறங்கி, அங்கிருந்து நெல்லைச் சீமைக்குப் பெரும்பாலும் நடந்தே வந்தவர். தெருக்களை நேர்கோட்டில் அமைத்தார், கிணறு வெட்டினார், முப்பது ஆண்டுக்கு மேல் இழுத்த திரித்துவ ஆலயக் கட்டுமானத்தை 1880-இல் முடித்தார். 1856-இல் லண்டனில் வெளியான ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ இந்த ஊர் வாழ்க்கையில் விளைந்தது. அவர் வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாக்கி 2011-இல் திறந்தது. நியாயமான காரியம்.

ஆனால் அது அவருடைய கடைசி வீடு இல்லை. 1877-இல் ஆயரான பிறகு, 1883-இல் கால்டுவெல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். சாயர்புரத்தில் இருந்த கல்லூரியையும் அங்கே கொண்டுவந்தார். 1891 தொடக்கத்தில் உடல் தளர்ந்து பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலுக்குப் போனார். ஆகஸ்ட் 28 அன்று அங்கேயே இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, சமவெளியைக் கடந்து, இடையன்குடி ஆலயத்துக்குக் கொண்டுவந்து பலிபீடத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள். வோல்தேரைப் போலவே இங்கும் வீடு ஒன்று, சாவு வேறொன்று. ஆனால் வோல்தேருக்கு ஊர் கதவை அடைத்தது; கால்டுவெல்லை ஊர் அத்தனை தூரம் போய் எடுத்துவந்தது. இடையன்குடிக் கல்லில் ‘கடைசியாக வாழ்ந்தார்’ என்று எழுதினால் பொய், ‘இங்கே எழுதினார், இங்கே திரும்பி வந்தார்’ என்று எழுதினால் மெய். என் கண்ணுக்கு இரண்டாவதுதான் பெரிய பெருமை.

அந்த வீட்டுக் கல்லில் இன்னொரு பெயரும் வர வேண்டும். எலைசா கால்டுவெல் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகளாக வளர்ந்தவர். தமிழ் கேட்டு வளர்ந்த காது அவருக்கு. 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தவர், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். குண்டூசி குத்திய திண்டை மடியில் வைத்துக்கொண்டு, நூல்முனையில் தொங்கும் மரக்கட்டை உருளைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் அந்த வேலை எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதியவரின் வீட்டுக்குள் தமிழை இயல்பாகப் பேசிய ஒரு பெண் இருந்தார். நூலின் முகப்பில் அவர் பெயருக்கு இடமில்லை. வீட்டின் முகப்பில் தாராளமாக இடம் இருக்கிறது.

வ.உ.சிதம்பரனாரின் கடைசி நாட்களும் இதே கேள்வியை எழுப்புகின்றன. அவரைக் கப்பலோட்டியவர் என்று அறிந்த அளவுக்கு எழுத்தாளர் என்று நாம் அறியவில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார், ‘மெய்யறம்’, ‘மெய்யறிவு’ எழுதினார், தன் வரலாற்றைச் செய்யுளாகவே பாடினார், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார், 1935-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தம் உரையை வெளியிட்டார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு அது. கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தார். எந்தத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டாரோ அதே ஊரில் கடைக்காரர்களின் பாக்கியைக் கணக்கெழுதி வைத்துக்கொண்டு வாழ்ந்தார். முடிவு நெருங்கியதை அறிந்ததும், தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னார். 1936 நவம்பர் 18 இரவு அங்கேதான் உயிர் பிரிந்தது.

அதே நவம்பர் 18, பதினான்கு ஆண்டு முன்பு, பாரிஸில் மார்சல் புரூஸ்த் இறந்த நாள். அம்லேன் தெரு 44-ஆம் எண் வீட்டின் ஐந்தாம் மாடியில், சளிக்காய்ச்சலோடு பிழை திருத்திக்கொண்டே இறந்தார். ஏழு தொகுதி நாவலில் கடைசி மூன்று அவர் கண்மூடிய பிறகுதான் வெளிவந்தன. அந்த வீட்டில் பலகை இருக்கிறது, கட்டடம் இப்போது ஒரு ஓட்டல். ஆனால் நாவலின் பெரும்பகுதியை அவர் எழுதியது ஓஸ்மான் பெருஞ்சாலை 102-இல், சத்தம் வராமல் சுவரெல்லாம் தக்கை அறைந்த அறையில். அந்தக் கட்டடத்தைச் சொந்த அத்தையே வங்கிக்கு விற்றுவிட்டதால்தான் 1919-இல் வெளியேறினார். புரூஸ்த் கடைசி வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, துரத்தப்பட்டு வந்து சேர்ந்தார். வ.உ.சி. கடைசி இடத்தைத் தாமே தேர்ந்தெடுத்தார். அந்த அலுவலகம் இருந்த இடத்தில் ‘இங்கே இறந்தார்’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. ‘இங்கே வந்து இறந்தார்’ என்று எழுத வேண்டும். ஒரு சொல் கூடினால் ஒரு வாழ்க்கை முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது.

நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதே தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, திருவல்லிக்கேணி துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் வாடகைக்கு இருந்த வீட்டில் இறந்தார். அந்த வீடு 1993 முதல் அரசின் நினைவில்லம். நாம் நினைவு நாளாகக் கொள்வது செப்டம்பர் 11. ஆனால் 1921-இல் அவர் உயிர் பிரிந்தது அந்த இரவு நடுச்சாமம் தாண்டி, ஆகவே நாட்காட்டிப்படி 12. மாநகராட்சியின் இறப்புப் பதிவும் 12 என்றே சொல்கிறது. விடியும் வரை முந்தைய நாள் என்பது நம் பழைய கணக்கு. ஆகவே 11 என்று சொல்பவர்களைத் தவறென்று தள்ள நான் தயாரில்லை. ஆனால் கல்லில் வெட்டும்போது ‘11 இரவு, 12 அதிகாலை’ என்று வெட்ட எத்தனை எழுத்து கூடிவிடும்? இதை ஒரு கல் சரியாகச் சொல்லிவிட்டால், அந்த வழியாகப் போகும் பள்ளிப்பிள்ளைக்கு வரலாறு எழுதும் முறையே புரிந்துவிடும்.

நினைவில் வளர்ந்துவிட்ட கல்லும் உண்டு. ஜி.யு.போப் 1908-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். இளவயதில் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர், முதிர்ந்த வயதில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொடுத்தவர். தம் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதச் சொன்னார் என்று தமிழ் மேடைகளில் நூறு வருஷமாகச் சொல்லிவருகிறோம். நானும் பள்ளிப் பேச்சுப்போட்டியில் அதைத் தொண்டை அடைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. அதில் இருப்பது வேறு. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவர் வாழ்நாள் உழைப்பை வியந்து அந்தக் கல்லை வைத்தார்கள் என்று இருக்கிறது. கட்டுக்கதையைவிட இந்த உண்மை எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. கதையில் போப் மட்டும்தான் இருக்கிறார். கல்லில், கடல் தாண்டிக் காசு அனுப்பிய நம்மவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர்க் குருசடியின் ‘உபயம்’ ஆக்ஸ்ஃபோர்டு வரை போயிருக்கிறது.

வீரமாமுனிவர் விஷயத்தில் கல்லுக்கே முன்னால் வழக்கு இருக்கிறது. மணப்பாட்டில் இறந்தார் என்று ஒரு மரபு, கேரளத்து அம்பலக்காட்டில் 1747-இல் இறந்தார் என்று ஆவண ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் முடிவு. ‘தேம்பாவணி’ பாடியவரைத் தங்கள் ஊரில் வைத்துக்கொள்ள மணப்பாட்டார் விரும்புவதில் எனக்கு வியப்பில்லை.

மணப்பாட்டில் வேறொரு கல் இருக்கிறது. இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த கல் அதுதான். மேட்டில் திருச்சிலுவை ஆலயம், அதன் கீழே கடலைப் பார்த்த குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அங்கே தங்கி ஜெபித்தார் என்பது வரலாறு. படி இறங்கினால் பேச்சுக் குரல் தானாகத் தாழ்ந்துவிடும், அலைச் சத்தம் சுவரில் மோதித் திரும்பிவரும். அங்கே பதித்திருக்கும் பளிங்குப் பலகை, சவேரியாரின் தவத்தைச் சொல்லும் முன்பே, அந்தக் குகை ஒரு சைவ முனிவர் குடியிருந்த இடம் என்று சொல்கிறது. புனிதரின் இடத்தைப் புகழவந்த பலகை, அவருக்கு முன்னால் அங்கே இருந்தவரை முதலில் வைத்து எழுதியிருக்கிறது. அதை எழுதியவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. ‘இங்கே’ என்ற இடத்தில் ஒருவர் மட்டும் இருந்ததில்லை என்று அந்தப் பலகைக்குத் தெரிந்திருக்கிறது.

இனி நான் சொல்ல வந்தவர். அண்டிரிக் அடிகளார் என்று இந்தக் கரை கூப்பிட்ட என்றிக்கு என்றிக்கஸ்.

போர்த்துகலின் விலா விசோசாவில் 1520-இல் பிறந்தார். முன்னோர் யூதர்கள், அதனால் முதலில் சேர்ந்த துறவற சபையிலிருந்து விலக்கப்பட்டவர். இயேசு சபை ஏற்றது. 1546-இல் இந்தியா வந்து, 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்ற ஏழு கடல்துறையும் அவர் நடந்த வழி. ஆலந்தலைக் கரையில் நின்றால் வடக்கே திருச்செந்தூர்க் கோபுரம் தெரியும். அதைத் தாண்டி வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், அப்புறம் தாமிரபரணி கடலில் விழும் புன்னைக்காயல். காலையில் கொண்டல் காற்று எழுவதற்கு முன் புறப்பட்டால் ஈரமணலில் நடக்கலாம். வெயில் ஏறிவிட்டால் கால் புதையும். இந்த வழியில் ஐம்பத்து மூன்று வருஷம் நடந்தார்.

சவேரியார் ஜெபங்களை மொழிபெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். அண்டிரிக் அடிகளார் வேறு வழியில் போனார். சவேரியார் சொன்னபடி தமிழ் இலக்கணம் எழுத உட்கார்ந்தவர், சில மாதத்தில் துபாஷி இல்லாமல் பேசத் தொடங்கிவிட்டார். யாரிடம் கற்றார்? அந்த இலக்கணத்தின் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பனில் இருக்கிறது. அதைப் படித்தவர்கள், ஏட்டுத் தமிழோடு கரையில் புழங்கும் பேச்சுத் தமிழும் அதில் பதிந்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பண்டிதர் சொன்னதையும் எழுதினார், வலை காயப்போடும் இடத்தில் காதில் விழுந்ததையும் எழுதினார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அது. அதன் ஆசிரியர்கள் பாதிப்பேர் கடலுக்குப் போனவர்கள்.

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். அதன் கடைசிப் பக்கத்தைப் படமாகப் பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை. முந்தின வருஷம் கோவாவில் வார்த்த எழுத்தையும் கொல்லத்தில் வார்த்த எழுத்தையும் தனித்தனியே அடித்து, எது எந்த ஊரில் செய்தது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கோவா எழுத்து தடித்து, ஒருமாதிரி தட்டுத்தடுமாறி நிற்கும். கொல்லத்து எழுத்துக்குக் கை பழகிவிட்டது தெரியும். ஒரே வருஷத்தில் ஈயம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறது. கிறித்தவ நூலுக்குக் கடவுளின் பெயராகத் ‘தம்பிரான்’ என்ற சைவ வழக்குச் சொல்லை எடுத்துக்கொண்டதும் கவனிக்கத் தக்கது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1586-இல் ‘அடியார் வரலாறு’, அறுநூறு பக்கத்தைத் தாண்டிய பெரும் உரைநடை நூல். தமிழில் அச்சேறிய முதல் பெரிய உரைநடை இதுதான் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தனிநாயகம் அடிகள் 1950-களில் கண்டு சொன்னார். ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவில் ஹார்வர்டில் இருக்கிறது. எழுதியவர் இருந்த ஊரில் ஒரு தாளும் இல்லை.

அச்சுக்கான பணத்தைக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். முத்துச் சிலாபத்தில் மூச்சடக்கி மூழ்கி, பாரிலிருந்து சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டு மேலேறி, அதில் மன்னனுக்கு ஒரு பங்கு, போர்த்துகீசியருக்கு ஒரு பங்கு கொடுத்த பின் மிஞ்சிய காசு அது. தமிழ் அச்சின் முதல் செலவு கடலடியிலிருந்து வந்தது.

அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் குடியிருந்த வீடு இதுதான் என்று இன்று விரலை நீட்ட முடியாது. கரையில் வீடு நிலைக்காது என்பதோடு, கரையே நிலைப்பதில்லை. கொற்கை துறைமுகமாக இருந்தது, தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கடல் விலகியது. துறைமுகம் காயலுக்கு வந்தது, அங்கேயும் கடல் விலகியது. புன்னைக்காயல் எழுந்தது, பின்பு தூத்துக்குடி. மார்க்கோ போலோ சொன்ன காயல் எது என்று கால்டுவெல் கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார். வெளியூரில் கல் வீடு நின்ற இடத்திலும் கதி வேறில்லை. 1867-இல் லண்டனில் பைரன் பிறந்த வீட்டில் முதல் நினைவு வட்டப் பலகையைப் பதித்தார்கள். 1889-இல் வீட்டை இடித்தபோது பலகையும் போயிற்று. விக்டர் ஹ்யூகோ கடைசியாக வாழ்ந்த வீடும் இடிபட்டது. பின்பு அங்கே எழுந்த கட்டடத்தின் முகப்பில் அவர் முகத்தைச் செதுக்கினார்கள். வீடு போன பிறகும் இடத்துக்குக் கல் வைக்கலாம் என்பதற்கு அது முன்மாதிரி.

ஆகவே புன்னைக்காயலில், ஆற்று மணல் ஏறாத ஒரு மேட்டில், ஒரு கருங்கல் வேண்டும் என்பது என் கருத்து. பளிங்கு வேண்டாம், உப்பு அதைத் தின்றுவிடும். திறந்து வைத்தவர்களின் பட்டியல் வேண்டாம், இடம் போதாது. எழுத்தை விரல் நகம் இறங்கும் ஆழத்துக்கு வெட்ட வேண்டும். பல நாள் எழுதி அழித்து, எனக்குக் கடைசியில் நின்ற வாசகம் இது:

‘என்றிக்கு என்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார் 1547 முதல் 1600 வரை இந்தக் கரையில் நடந்தார். இங்கே தமிழ் கற்றார். கற்றுக்கொடுத்தவர்கள் இந்த ஏழு துறையின் மக்கள். அவர் எழுதியது அச்சானது. அச்சுக்கு முத்துக் குளித்தவர்கள் பணம் கொடுத்தார்கள். இந்த ஊரில் இறந்தார். இங்கே இருந்து தூத்துக்குடிக்கு எடுத்துச் சென்றார்கள்.’

ஏழு வாக்கியம். ‘இங்கே’ இரண்டு முறை வருகிறது. ஒன்றைக் குறைக்கலாமா என்று கல் வெட்டுபவரிடம் கேட்க வேண்டும்.